சேனை என்னும் புனம்

இலங்கைத் தமிழில் ‘சேனை’ என்ற சொல்லுக்குப் படை, கிழங்கு தவிர இன்னொரு பொருளும் உண்டு. காட்டை வெட்டி எரித்து, ஓரிரு ஆண்டு விதைத்துவிட்டு மறுபடி காடாகவே விட்டுவிடும் மேட்டுநிலம் அது. சிங்களத்தில் ‘ஹேன’. ஆங்கிலேயர் ஏடுகளில் ‘சேனா’.

இலங்கையின் மழை குறைந்த பகுதியான உலர் வலயத்தில் ஆடி, ஆவணியில் பற்றைகளை (புதர்க்காட்டை) வெட்டிச் சரித்துக் காயவிடுவார்கள். அடிக்கட்டைகளைப் பிடுங்குவதில்லை, பிறகு துளிர்த்துக் காடாவது அவற்றிலிருந்துதான். புரட்டாசியில், பருவமழைக்குச் சற்று முன் தீ. மழை முந்திக்கொண்டால் பாதிதான் எரியும், அந்த ஆண்டு களையெடுத்தே முதுகு ஒடியும். நன்றாக எரிந்தால் மேல்மண்ணிலுள்ள களைவிதைகள் கருகும். சாம்பல் பொட்டாசியமும் சுண்ணாம்பும் தந்து மண்ணின் புளிப்பைக் குறைக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) மட்டும் பெரும்பாலும் புகையோடு போய்விடும். பிறகு உழாமலே குரக்கன் (கேழ்வரகு), சோளம், எள்ளு, பயறு, பூசணி எனக் கலந்து விதைப்பு. மழை பொய்த்து ஒன்று போனாலும் இன்னொன்று தேறும். யானைக்கும் பன்றிக்கும் கிளைவேலி, இரவெல்லாம் பரண் காவல்.

இரண்டு மூன்று ஆண்டில் களை பயிரை முந்தும். நிலத்தை விட்டுவிட இதுவே முதற்காரணம், மண்வளம் குறைவது அடுத்தது. பத்தாண்டுக்கு மேல் ஓய்வு கிடைத்தால் பற்றை அடர்ந்து மறுபடி நன்றாக எரியும். மூன்று நான்காண்டில் திரும்பி வந்தால் எரிக்க விறகும் இல்லை, களையும் சாகாது.

அந்த ஓய்வுக் காலம்தான் வழக்குக்கும் வித்து. உழவருக்கு அது முறை காத்திருக்கும் நிலம். ஆங்கிலேய ஆட்சியின் 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் பார்வையிலோ வேறு: கண்டி மாகாணங்களில் கொடைப் பத்திரமோ வரி கட்டிய சான்றோ காட்டாத சேனை முடிக்கு, அதாவது அரசுக்கு, உரியது. மற்ற இடங்களில் அது காடு அல்லது தரிசு. இடையில் பயிரிடாத ஆண்டுகளையே சட்டம் உரிமையில்லாமைக்கு அடையாளமாக்கியது.

இந்தப் பயிர்முறைக்கு இலங்கைப் பாடநூல் தரும் சொல் ‘பெயர்ச்சிப் பயிர்ச்செய்கை’. தமிழ்நாட்டில் ‘இடப்பெயர்வு வேளாண்மை’. இரண்டும் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு அலைவதாக எண்ண வைக்கும். உலர் வலயத்தில் குளமும் வயலும் ஊரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, சேனை மட்டும்தான் மாறுகிறது.

நல்ல சொல் பழையதாகவே இருக்கிறது: புனம். “மரங்கொல் கானவன் புனந்துளர்ந்து வித்திய” என்கிறது குறுந்தொகை (214). மரத்தை வெட்டுவது, கொத்திக் கிளறுவது, விதைப்பது என வேலை வரிசை அப்படியே அந்த அடியில் உண்டு. மலையாளத்தில் மலைச்சரிவில் எரித்துப் பயிரிடுவதற்குப் ‘புனம் கிருஷி’ என்றே பெயர். புதிதாகத் திருத்திய கொல்லைக்கு ‘இதை’, பழங்கொல்லைக்கு ‘முதை’ என்று தனிச்சொற்களும் இருந்தன. இலங்கையைப் பற்றி எழுதும்போது சேனை என்றே எழுதலாம், அது ஊர்ச்சொல். பொதுவாக எழுதும்போது புனவேளாண்மை போதும். எரித்த முதலாண்டு நிலத்தையும் களை மண்டிய மூன்றாமாண்டு நிலத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘இதை’, ‘முதை’ என்ற அந்தச் சொற்கள் கைகொடுக்கும்.