அஷ்டமி விடியலில் ஷேட் தூண்டில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் முதன்முதலாகத் தூண்டில் போடுகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஷேட் என்னும் மீன் முப்பது மீட்டரில் நிற்கும், நரம்பின் நுனியில் கட்டிய ஈயம் எழுபது மீட்டரில் போய் விழும். தூண்டில் கோலைக் கையில் கொடுத்தவுடன் யாருக்கும் தூரமாக எறியத்தான் ஆசை வரும். அதனால் புதியவர்களை அழைத்துப் போகிறவர், கோலை உறையிலிருந்து எடுப்பதற்கு முன் கால் மணி நேரம் அவர்களைக் கரையில் நிறுத்திக் கடலைக் காட்ட வேண்டும்.

காட்ட வேண்டியது அலை உடையும் இடத்தை. அலை கரையை நெருங்கும்போது அதன் அடிப்பகுதி கடலடியால் தடைபட்டு வேகம் குறைகிறது. மேற்பகுதி முந்திக்கொண்டு வந்து கவிழ்கிறது. அலையின் உயரம் அங்குள்ள நீரின் ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டும்போது இது நடக்கும். அதாவது ஒரு மீட்டர் அலை சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். இந்தக் கணக்கு தெரிந்தால் கடலடியின் வரைபடமே கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். வெள்ளை நுரை எழும் வரிசை மணல் திட்டு. திட்டைத் தாண்டிய அலை மறுபடி அடங்கி, உடையாமல் பச்சையாக உருண்டு வரும் பட்டை பள்ளம். அந்தப் பள்ளம் பல இடங்களில் கரையிலிருந்து இருபது முப்பது மீட்டரிலேயே இருக்கும். அலை கிளறிவிட்ட மணலில் சிற்றுயிர்கள் வெளிப்படும், அவற்றைத் தேடிச் சிறுமீன் வரும், சிறுமீனைத் தேடி ஷேட் வரும். கேப் பக்கத்தில் எல்ஃப் என்று அழைக்கப்படுவதும் இதே மீன்தான். நுரையின் ஓரத்தில், மங்கிய வெளிச்சத்தில், கூட்டமாக வேட்டையாடுவது அதன் வழக்கம்.

திட்டுக்கு மேல் வந்து குவிந்த தண்ணீர் கடலுக்குத் திரும்ப வழி தேடும். திட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே சேர்ந்து வேகமாக வெளியே ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. மணல் கலங்கிய நிறமும் கடல் பக்கம் நகரும் நுரையும் அதைக் காட்டிக்கொடுக்கும். இரையை அதன் விளிம்பில் போடலாம், மீன் உண்டு. ஆனால் ஆள் அதற்கு நேர் எதிரே தண்ணீரில் இறங்கக் கூடாது. புதியவர் யாரும் முழங்காலுக்கு மேல் நனையக் கூடாது என்பதை முதல் விதியாகச் சொல்லிவிடுங்கள். யாரையாவது இழுத்துவிட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் ஓட்டத்திலிருந்து விடுபடலாம்.

எந்த நாள் போவது என்பதற்குக் கோயில் நாள்காட்டியே போதும். தென்னாப்பிரிக்கக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் மிகவும் வற்றுவது காலை பத்து மணி வாக்கில். ஒவ்வொரு நாளும் இது ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழெட்டு நாள் கழித்து அஷ்டமி, நவமி வரும்போது கணக்கு தலைகீழாகிவிடும்: அதிகாலை நான்கு மணி வாக்கில் வற்றி, பத்து மணிக்கு ஏற்றம் முடியும். அந்த நாள்களில் சூரியனும் சந்திரனும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இழுப்பதால் ஏற்றமும் மெதுவாக, குறைவாகவே இருக்கும். விடியலில் ஏறிக்கொண்டிருக்கும் கடல், வலுவில்லாத ஓட்டம், ஷேட் இரைதேடும் நேரம் மூன்றும் ஒன்றுசேர்வது அப்போதுதான். நல்ல காரியத்துக்கு ஆகாதென்று வீட்டில் ஒதுக்கிவைக்கும் திதிகள் தூண்டில் பழக மிகப் பொருத்தமானவை. முந்தைய அமாவாசை அன்று காலை பத்து மணிக்கு அதே கரைக்கு ஒருமுறை நடந்து போய்விட்டு வந்தால் இன்னும் நல்லது. திட்டும் பள்ளமும் வெளியே தெரியும். ஆனால் ஒரு பெரிய அலைச்சீற்றம் வந்துபோனால் மணல் இடம்மாறிவிடும், மறுபடி பார்க்கத்தான் வேண்டும்.

மாதம் ஜூன் முதல் ஆகஸ்ட். விடிகிற நேரத்தில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் குளிர்காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும். முதல் வீச்சுக்கு அதைவிட உதவி வேறில்லை.

புதியவருக்கு 3 மீட்டரிலிருந்து 3.3 மீட்டர் கோல் போதும். ரீல், இங்கே காஃபி கிரைண்டர் என்று சொல்லப்படும் நிலையான ஸ்பூல் வகை; ஸ்பூல் என்பது நரம்பு சுற்றியிருக்கும் உருளை. 0.35 மில்லிமீட்டர் நைலான் நரம்பு, ஸ்பூல் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே வரை சுற்றியிருக்க வேண்டும். அதற்கு மேல் சுற்றினால் வீசும்போது வளையம் வளையமாகக் கழன்று சிக்கும்; குறைவாகச் சுற்றினால் நரம்பு விளிம்பில் உரசித் தூரம் குறையும். முனையில் 100 கிராம் ஈயம்.

எல்லாரும் விட்டுவிடுவது தடித்த முன்நரம்பை. காற்றுத் தடையே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் ஓர் ஈயம் 70 மீட்டர் போக வினாடிக்கு 26 மீட்டர் வேகத்தில் புறப்பட வேண்டும். அது மணிக்கு 94 கிலோமீட்டர். அந்த வேகத்தை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கொடுக்கும்போது மெல்லிய நரம்பு அறுந்தால், பக்கத்தில் நடப்பவரின் தலையில் விழப்போவது 100 கிராம் ஈயம். எனவே ஈயத்துக்கும் மெல்லிய நரம்புக்கும் இடையில் 18 கிலோ தாங்கும் முன்நரம்பு வேண்டும். கோலின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு, அதோடு ஸ்பூலில் ஐந்தாறு சுற்றுக்கும் காணுமாறு, எட்டு மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள்.

வீச்சை முள் இல்லாமல், வெறும் ஈயத்தோடு, ஆளில்லாத மணலில் பழக்குங்கள். நரம்பை விரலிலிருந்து விடும் தருணம்தான் எல்லாம். சீக்கிரம் விட்டால் ஈயம் வானத்துக்குப் போகும். தாமதித்தால் காலடிக்கு முன்னால் மணலில் குத்தும். மேல்கை தள்ள, கீழ்கை நெஞ்சை நோக்கி இழுக்க வேண்டும். புதியவர்கள் தள்ளுவதை மட்டும் செய்வார்கள், கோல் வளையவே வளையாது. கோலில் வளைவாகச் சேரும் விசைதான் ஈயத்தை வீசுகிறது.

ஷேட்டின் பல் வரிசை கத்தரிக்கோல். நைலானை ஒரே கடியில் அறுத்துவிடும். முள்ளுக்கு முன்னால் 15 சென்டிமீட்டர் மெல்லிய எஃகுக் கம்பி கட்டுங்கள். அதைவிடத் தடித்த கம்பி தேவையில்லை, வெளிச்சம் வந்த பிறகு மீன் அதைக் கண்டு விலகும். இரை மத்தி. உறைந்த மத்தியைப் பாதி இளகிய நிலையிலேயே நறுக்க வேண்டும். முழுவதும் இளகினால் சதை குழைந்து வீச்சிலேயே உதிர்ந்துபோகும். ஒரு பக்கச் சதையை நீளவாக்கில் எடுத்து, 3/0 அளவுத் தூண்டில் முள்கள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, மெல்லிய இரப்பர் நூலால் சுற்றுங்கள். ஷேட் இரையை வால்பக்கம் கடித்துத் துண்டித்துக்கொண்டு போகும், இரண்டாவது முள் அதற்காகத்தான். அடியில் நண்டு தின்றுவிடாமலிருக்க முள்ளருகே சிறு தெர்மோகோல் துண்டு செருகினால் இரை ஓரடி மேலே மிதக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரையை மாற்றுங்கள். எண்ணெய் கரைந்துபோன மத்திக்கு வாசமில்லை.

ரீலின் பிடியை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பு கழல்வதைத் தடுக்கும் இறுக்கத்தை, நரம்பின் தாங்குதிறனில் கால்பங்குக்கு வைக்க வேண்டும். 8 கிலோ நரம்பென்றால் 2 கிலோ. கையால் இழுத்துப் பார்த்து ஊகிக்காமல் தொங்கு தராசில் கோத்து இழுத்துப் பாருங்கள். மீன் மாட்டிக்கொண்டதும் புதியவர் விடாமல் சுற்றுவார். அங்கேதான் பல மீன்கள் போகின்றன. அலை கரைக்கு வரும்போது சுற்ற வேண்டும், அது மீனைத் தள்ளிக்கொண்டு வரும். தண்ணீர் பின்வாங்கும்போது கோலை உயர்த்திப் பிடித்து நிற்க வேண்டும், சுற்றக் கூடாது. அப்போது சுற்றினால் மீனின் எடையோடு ஓடும் நீரின் இழுப்பும் சேர்ந்து முள் கிழிந்து வந்துவிடும். அடுத்த அலையில் மீனை மணலுக்கு ஏற்றிவிடுங்கள்.

மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திருப்பி விட்டுவிட வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு. விற்கக் கூடாது. அனுமதிச் சீட்டு வேண்டும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிடிக்கவே கூடாது. ஷேட் இந்தக் கரையில் முட்டையிடுவது வசந்தத்தில். முட்டையும் குஞ்சும் அகுல்ஹாஸ் நீரோட்டத்தில் தெற்கே கேப் கரைக்குப் போய் வளர்ந்து, பிறகு வடக்கே வருகின்றன. சிறியதை விடும்போது கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும், நோய் அங்கே தொற்றும்.

ஷேட் மட்டுமே மாட்டும் என்பதில்லை. ஊதிப் பெருக்கும் பேத்தை வந்தால் தின்னக் கூடாது, உயிருக்கே ஆபத்து. பார்பல் என்னும் கடல் கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கமும் நச்சு முள் உண்டு; வெறுங்கையால் தொடாமல் இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். நச்சு முள் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை வைத்திருந்தால் வலி தணியும், பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஷேட் எண்ணெய்ச் சத்துள்ள மீன், சதை மென்மையானது. வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தால் புளிக்குழம்பில் துண்டு நிற்காது, கரைந்துவிடும். பிடித்தவுடன் செவுளைக் கீறி இரத்தம் வடியவிட்டு, ஒரு வாளியில் மீனின் எடைக்குச் சமமான பனிக்கட்டியும் அது மூழ்கும் அளவு கடல்நீரும் ஊற்றி அதில் போடுங்கள். உப்பு சேர்ந்த பனிநீர் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே இறங்குவதோடு மீனை எல்லாப் பக்கமும் தொட்டுக் குளிர்விக்கும். வெறும் பனிக்கட்டித் துண்டுகளுக்கு இடையில் காற்றுதான் நிற்கும்.