ஜெட்டிக் குழாயைப் படகில் மாட்டிவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்

ஜூன் 12-க்கு மேட்டூர் திறப்பார்களா, கடைமடை வரை தண்ணீர் வந்து சேருமா என்று பார்த்தே பழகிய டெல்டாக்காரர்கள் நாம். தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருப்பதும் ஆபத்துதான் என்றால் மனம் சட்டென்று ஏற்காது. நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் சொந்தப் படகுகளுக்குக் குழாய், வயரிங் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சொல்வது அறை, வாஷ்பேசின், ஷவர், கழிப்பறை வைத்த உல்லாசப் படகுகளை. இவற்றில் தண்ணீருக்கு இரண்டு வழி உண்டு. படகிலேயே டேங்கும் 12 வோல்ட் பம்பும் இருக்கும். இல்லையென்றால் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், இருக்கும் குழாயிலிருந்து ஹோஸ் இழுத்து, படகின் குழாய்களோடு நேராக இணைத்துவிடலாம். இரண்டாவதில் பம்ப் சத்தம் இல்லை, பேட்டரி செலவில்லை, டேங்க் தீர்ந்துவிடுமே என்ற கவலையும் இல்லை. அந்தக் கடைசி வசதியில்தான் சிக்கலே.

"டேங்க் தண்ணி ஒழுகினாலும் ஒழுகல்தானே அண்ணே, இதுல என்ன வித்தியாசம்?" என்று கேட்பார்கள். 150 லிட்டர் டேங்க் முழுக்க ஒழுகினாலும், அந்த 150 கிலோ ஏற்கெனவே படகு சுமந்துகொண்டிருந்த எடைதான். டேங்கிலிருந்து பில்ஜுக்கு, அதாவது படகின் அடிக்குழிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. ஜெட்டியிலிருந்து வருவதோ புது எடை. கழன்றுபோன அரை அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 900 லிட்டர். 10 மணி நேரத்தில் 9 டன். பல சிறிய படகுகளின் சொந்த எடையே அவ்வளவு வராது. உள்ளே நிறைகிற தண்ணீர் ஒரு பக்கமாகச் சேரும், பெரும்பாலும் எஞ்சின் இருக்கும் பின்பக்கம். அது தாழ்ந்து, படகின் பக்கவாட்டில் இருக்கும் ஏதாவது ஒரு திறப்பு நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் ஆறே உள்ளே வர ஆரம்பிக்கும். அப்புறம் ஜெட்டிக் குழாயை மூடியும் பயனில்லை.

அடிக்குழித் தண்ணீரை வெளியே தள்ள பில்ஜ் பம்ப் இருக்கிறதே என்பார்கள். பம்பின் மேல் அச்சடித்திருக்கும் அளவு, முழு வோல்டேஜில், தண்ணீரை மேலே ஏற்றாமல் சோதித்த அளவு. படகில் மாட்டியபின் அவ்வளவு தள்ளாது. ஆயில் கசடு படிந்த மிதவை சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் ஓடவே ஓடாது. நான் பார்க்கப் போன ஒரு படகில், வாஷ்பேசினுக்குப் பின்னால் குழாய் வளைகிற இடத்தில் இருந்த பிளாஸ்டிக் எல்போ விட்டுப் போயிருந்தது. உரிமையாளர் ஜெட்டிக் குழாயைத் திறந்தபடியே வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். பில்ஜ் பம்ப் கொஞ்ச நேரம் ஓடித்தான் இருக்கிறது. பேட்டரியை அடித்தட்டில் வைத்திருந்ததால் தண்ணீர் அதன் முனைகளைத் தொட்டதும் பம்பும் போயிற்று. அந்த எல்போ சில்லறைக் காசு. எஞ்சின், ஸ்டார்ட்டர், வயரிங் எல்லாவற்றையும் இறக்கிப் பார்க்க வேண்டியதாயிற்று.

பிரஷர் விஷயத்துக்கு வருவோம். 10 மீட்டர் உயரத் தொட்டியிலிருந்து சும்மா இறங்கும் தண்ணீருக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ பிரஷர்தான். அதனால் "நம்ம ஊர் குழாயில என்ன வேகம் வந்துடப்போகுது" என்ற அலட்சியம். ஆனால் படகு கழுவுவதற்கென்று ஜெட்டியில் பிரஷர் பம்ப் போட்டிருந்தால் கதை வேறு. படகிலிருக்கும் பம்ப் பெரும்பாலும் 2 முதல் 3 கிலோவுக்குள் தானாக நின்றுவிடும். குழாய்களும் அதற்கேற்ற மாதிரிதான். கரைப் பம்ப் அதைத் தாண்டினால் இணைப்புகள் ராத்திரி பகலாக இழுபட்டுக்கொண்டே இருக்கும். இன்னொரு கூத்து, முறை வைத்துத் தண்ணீர் விடும் லைன். வரவில்லை என்று திறந்து பார்ப்பார்கள், மூட மறந்து போய்விடுவார்கள். விடியற்காலையில் வால்வு திறந்ததும் லைனில் இருந்த காற்று முட்டித் தள்ளிக்கொண்டு வரும், கூடவே தண்ணீரும். படகில் ஆள் இருக்காது.

என் யோசனை எளிது. ஹோஸால் டேங்கை மட்டும் நிரப்புங்கள், பக்கத்திலேயே நின்று நிரப்புங்கள். நிறைந்ததும் கழற்றிவிட்டுப் படகின் பம்பையே ஓட்டுங்கள். திறந்தால்தான் ஓடும் பம்ப் அது, பேட்டரியைப் பெரிதாகத் தின்றுவிடாது. நேரடி இணைப்புதான் வேண்டும் என்றால், டீ குடிக்க இறங்கினாலும் ஜெட்டிப் பக்கத்து வால்வை மூடுங்கள். படகுப் பக்கத்து வால்வை மட்டும் மூடினால் ஹோஸ் முழுக்கப் பிரஷரிலேயே இருக்கும். ஜெட்டிக் குழாயை ஒட்டியே பிரஷரைக் குறைக்கும் ரெகுலேட்டரும், தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வும் மாட்டுங்கள். லைன் காலியாகும்போது, அல்லது யாராவது மோட்டார் வைத்து உறிஞ்சும்போது, படகிலிருக்கும் தண்ணீர் ஊர்க் குழாய்க்குத் திரும்பிப் போகக் கூடாதல்லவா. ஹோஸ் முனையைப் பில்ஜுக்குள்ளோ கழிவுத் தொட்டிக்குள்ளோ விட்டு வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

தோட்டத்துப் பச்சை ஹோஸ் வேண்டாம், வெயிலில் இளகிவிடும். குடிநீருக்கென்று விற்பதை வாங்கி, முதலில் வரும் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டுப் பிறகு மாட்டுங்கள். ஹோஸை இறுக்கும் கிளிப் வாங்கும்போது காந்தம் வைத்துப் பாருங்கள்: பட்டை ஸ்டெயின்லெஸ் ஆகவும் திருகு மட்டும் சாதா இரும்பாகவும் இருப்பது உண்டு, உப்புக் காற்றில் அந்தத் திருகுதான் முதலில் போகும். ரெகுலேட்டர் பித்தளையில், பிரஷர் காட்டும் கேஜ் உள்ளதாக இருக்கட்டும். போர் தண்ணீர் என்றால் முன்னால் ஒரு சல்லடை வைத்து அவ்வப்போது கழற்றிக் கழுவுங்கள்; மணல் அடைத்த ரெகுலேட்டர் பிரஷரைச் சரியாகக் குறைக்காது.