குரல் உயரமா, சுருதியா, எடுப்பா?

"பிள்ளையின் குரல் உயரம் குறைவு. வீட்டில் பயிற்சி தரவும்." பேச்சுப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தரும் தமிழ்த் தாளில் இந்த வரியைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம், மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையனின் அம்மா அதைப் படித்துவிட்டு, மகனைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார வைத்து "ஆ" என்று கத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால், "குரல் உயரணும்னு எழுதியிருக்காங்கண்ணே, அதான் சத்தமா சொல்லச் சொல்றேன்" என்கிறார்.

அவர் செய்ததில் என்ன தப்பு? "குரலை உயர்த்தாதே" என்றால் தமிழில் கத்தாதே என்றுதான் பொருள். எழுதியவர் மனத்தில் இருந்தது பிட்ச். தாளில் இறங்கியது சத்தம்.

பிட்ச் வேறு, சத்தம் வேறு. குரல்நாண்கள் நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன என்பதை வைத்துக் காது உணர்வது பிட்ச். ஆண்களுக்கு ஏறக்குறைய 120, பெண்களுக்கு 200க்குச் சற்று மேல், சின்னப் பிள்ளைகளுக்கு 250 முதல் 300 வரை. நாண் நீண்டு இறுகினால் கீச்சுக்குரல், தளர்ந்தால் கட்டைக்குரல். சத்தத்தைக் கூட்டுவது கீழிருந்து வரும் காற்றின் அழுத்தம். ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் நட்டு நிறுத்துவது. கூடாரம் அடிப்பதற்கும் அதே சொல்தான். பிறகு இசைக்குப் போனது. அவ்வளவே.

பிட்ச்சுக்குப் பாடநூல்கள் தரும் சொல் சுருதி. வடமொழியில் 'கேட்கப்பட்டது' என்று பொருள், வேதத்துக்கும் அதுவே பெயர். வடமொழி என்பதால் எனக்குக் கொஞ்சம் ஒவ்வாமை உண்டு, மறைப்பானேன். ஆனால் என் சண்டை அதற்காக மட்டும் அல்ல. சுருதி என்பது பாடகர் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆதாரம். சுருதிப்பெட்டி ஒரே ஒலியை இழைத்துக்கொண்டே இருக்கும், அதிலிருந்து விலகினால் குற்றம். பேச்சில் கதை தலைகீழ். தசை வலுவிழந்தோ விறைத்தோ வரும் பேச்சுக் குறையான டிஸார்த்ரியாவில் பல பிள்ளைகளின் குரல் ஏறாமல் இறங்காமல் தட்டையாகப் போகும். "சாப்பிட்டாச்சு" என்று அந்தப் பையன் சொன்னால் கேட்கிறானா, பதில் சொல்கிறானா என்று பிரிக்க முடியாது. சுருதி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் அவன்தான் சுருதி சுத்தமாகப் பேசுகிறவன்! அப்புறம், எங்கள் பெரிசுகளுக்குச் 'சுதி' ஏறுவது கள்ளுக்கடையில். அது வேறு விஷயம்.

இதற்கு நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. நன்னூலில் பவணந்தி எழுத்தொலிகளின் பிறப்பைச் சொல்லிவிட்டு, எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் முயற்சியால் அவை சிறிது வேறுபடும் என்கிறார். ஏற்றிச் சொல்வது எடுத்தல், தாழ்த்திச் சொல்வது படுத்தல், இடைப்பட்டது நலிதல். பிட்ச்சுக்குக் குரல் எடுப்பு என்றும், அதன் மாற்றத்துக்கு ஏற்ற இறக்கம் என்றும் எழுதலாம். பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்துக்கு எடுப்பு என்று பெயர் என இசைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். குரல் என்ற முன்சொல் இருக்கும்போது யாரும் குழம்பப் போவதில்லை. 'எடுப்பான குரல்' என்றால் கம்பீரமான குரலாயிற்றே என்பார் இன்னொருவர். அந்த ஆபத்து உண்டுதான். ஆனால் அதை நம்பி எந்த அம்மாவும் பிள்ளையைக் கத்த விடமாட்டார்.

அதே தாளில் 'உயிரெழுத்து உச்சரிப்பு' என்றும் இருக்கிறது. பிள்ளை எழுத்தையா உச்சரிக்கிறது? உயிரொலி என்று எழுதக் கை வலிக்குமா? அ, ஆ அங்காந்து பிறக்கும், இ, ஈ நாவிளிம்பு மேலே உற, உ, ஊ இதழ் குவிய என்று தொல்காப்பியம் பிரித்துவைத்த அதே மூன்றைத்தான் உயிரொலிகளின் மூன்று மூலைகளாக வைத்து இன்றைய ஆய்வாளர்களும் அளக்கிறார்கள். டிஸார்த்ரியாவில் நாக்கும் தாடையும் போதிய தூரம் போகாததால் மூலைகள் நெருங்கி, 'ஈ' 'ஏ'க்குப் பக்கத்தில் வந்துவிடும். இ, உ இரண்டும் இயல்பாகவே அ-வைவிடச் சற்றுக் கூடிய எடுப்பில் ஒலிக்கும். ஆகவே எந்த உயிரொலியில் அளந்தது என்று சொல்லாமல் எடுப்பு கூடியது, குறைந்தது என்பதில் பொருளில்லை. அப்ராக்ஸியா என்ற பேச்சுக் குறை வேறு. அங்கே தசை நன்றாக இருக்கும், அசைவைத் திட்டமிடுவதில்தான் சிக்கல், ஒரே சொல்லை மூன்று தடவை கேட்டால் மூன்று விதமாக வரும். இரண்டையும் சேர்த்துத் 'திக்குவாய்' என்று எழுதுகிறவர்களை என்ன சொல்ல?

குறை மொழிபெயர்ப்பில் மட்டும் இல்லை, வந்த வழியிலும் இருக்கிறது. மூலம் ஆங்கிலம், நடுவில் மலாய், கடைசியில் தமிழ். மலாயில் பிட்ச்சை 'நாடா' என்பார்கள், நம் நாதத்தின் உறவு. பிட்ச் குறைவு என்று பொருள்படும் 'நாடா ரெண்டா' என்ற மலாய்த் தொடரைத் 'தாழ்ந்த குரல்' என்று மாற்றினால் படிக்கிறவருக்கு அது மெல்லப் பேசுவது.

எடுப்பு என்ற சொல் பயிற்சி அறைக்கு வெளியிலும் உதவும். இங்கே நம் பிள்ளைகள் பலர் சீனப் பள்ளிக்குப் போகிறார்கள். மாண்டரினில் குரல் ஏறி இறங்கும் விதம் நாலு, அதை வைத்தே சொல்லின் பொருள் மாறும். 'மா' ஏறாமல் இறங்காமல் நின்றால் அம்மா, இறங்கி ஏறினால் குதிரை. இதை நாலு சுருதி என்று சொன்னால் பாட்டிக்கு விளங்காது. நாலு எடுப்பு என்றால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார்.