கெண்டைக்கால் இழுக்கிறதென்று கால்சியம் ஊசி போடாதீர்கள்

இந்த வாரமும் ஒரு அம்மா வந்தார். கம்பம் மெட்டு ஏறி ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். ராத்திரி கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது என்றதும், யாரோ வீட்டுக்கே வந்து ரத்தக்குழாயில் கால்சியம் ஏற்றியிருக்கிறார். மருந்து வெளியே கசிந்து, புறங்கை வீங்கி, தோல் கறுத்துவிட்டது. அந்தக் கையை வைத்துத்தான் அவருக்குக் கூலி. எத்தனை பேருக்குத்தான் இப்படிக் கட்டுப் போடுவது?

"கால்சியம் குறைஞ்சாத்தான் இழுக்கும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். தசை சுருங்கக் கால்சியம் வேண்டும், சரி. ஆனால் கை கால் தசைகள் அதற்காக ரத்தத்தை எதிர்பார்த்து நிற்பதில்லை. ஒவ்வொரு தசை செல்லும் தனக்கு வேண்டியதை உள்ளேயே சார்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற பையில் சேர்த்து வைத்திருக்கிறது. நரம்பின் கட்டளை வந்ததும் ரையனோடின் ஏற்பி என்ற கதவு திறந்து, கால்சியம் பையிலிருந்து வெளியே வருகிறது. தசை தளர வேண்டுமென்றால் அது திரும்பப் பைக்குள் போக வேண்டும்.

வெளியிலிருந்து வரவே வராதா? வரும். பை காலியாகும்போது ஸ்டிம்1 என்ற புரதம் அதை உணர்ந்து, செல்லின் வெளிச்சவ்வில் உள்ள ஓராய்1 வழியைத் திறக்கும். எப்போது திறப்பது என்பது செல்லின் முடிவு. ஓய்வில் இருக்கும் தசை செல்லுக்குள், பைக்கு வெளியே எதோடும் ஒட்டாமல் இருக்கும் கால்சியம், செல்லுக்கு வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அது குறைபாடு இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

இதயம் வேறு. ஒவ்வொரு துடிப்புக்கும் அதற்கு வெளிக் கால்சியம் வேண்டும். கால்சியம் இல்லாத கரைசலில் தவளை இதயம் துடிப்பை நிறுத்துவதை 1883இலேயே சிட்னி ரிங்கர் காட்டிவிட்டார். அதனால் வேகமாக ஏற்றும் கால்சியம் துடிப்பைத் தாறுமாறாக்கலாம், டிஜாக்ஸின் என்ற இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து.

ரத்தத்தில் நிஜமாகவே கால்சியம் குறைந்தால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வரும், விரல்கள் குவிந்து இறுகும். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகும். அவர்களுக்கு ஊசி வேண்டும்தான். ஆஸ்பத்திரியில், மெதுவாக, இசிஜி பார்த்துக்கொண்டே.

சரிவில் நின்று பழம் எடுக்கிற அக்காமார்களே, கால் இழுத்தால் முட்டியை நீட்டி, பாதத்தை உங்கள் பக்கம் மடக்கிப் பிடியுங்கள். படுக்கும் முன்பும் அப்படிச் செய்யுங்கள். நீர் பிரியும் மாத்திரையோ கொழுப்பு மாத்திரையோ சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கால்சியம் மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். அப்புறம், தசைவலியோடு சிறுநீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.