மூன்று வயதுப் பிள்ளை ஏன் ஆய் போக மறுக்கிறது?

கதவுக்குப் பின்னால் போய் நுனிக்காலில் நிற்கிறது பிள்ளை. காலைப் பின்னிக்கொள்கிறது, உடம்பு விறைக்கிறது, முகம் சிவக்கிறது. "ஆய் வருதா கண்ணு?" என்றால் "இல்ல" என்று ஓட்டம். முக்குகிறது என்றுதான் பெரியவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் நடப்பது நேர் எதிர்: வரப் பார்ப்பதை உள்ளேயே பிடித்து வைக்கிறது.

ஆசனவாயில் இரண்டு வளையத் தசைகள் உண்டு. உள்வளையம் நம் பேச்சைக் கேட்காது. மலம் இறங்கி மலக்குடல் சுவர் விரிந்ததும் தானாகத் தளர்ந்துவிடும். வெளிவளையம் மட்டும்தான் நம் கட்டுப்பாட்டில் இருப்பது. ஒன்றரை வயதையொட்டி அது மெல்ல வசப்படத் தொடங்கும். திறக்கப் பழகும் பிள்ளை இறுக்கவும் பழகும். கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்தால் மலம் மேலே நகர்ந்து, முட்டல் அடங்கிவிடும். பிள்ளை விளையாடப் போய்விடும்.

சிக்கல் அப்புறம்தான். தண்ணீரை உறிஞ்சுவது பெருங்குடலின் முக்கிய வேலை. அதனால் தங்கத் தங்க மலம் இறுகும். இறுகியது வெளியே வரும்போது வலிக்கும், சில சமயம் கீறி ரத்தமும் வரும். ஒரு தடவை அப்படி வலித்த பிள்ளை அடுத்த தடவை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நியாயமான முடிவுதானே? நாம்தான் அடம் என்கிறோம்.

இந்தச் சுழல் நீண்டால் மலக்குடலே விரிந்துபோகும். விரிந்த சுவரில் உணர்வு மங்கிவிடுவதால் 'வருது' என்ற சேதியே சரியாக மூளைக்குப் போகாது. அடைத்த கட்டியைச் சுற்றி, மேலே இருக்கும் இளகிய மலம் கசிந்து ஜட்டியில் படும். வீட்டில் இதைப் பேதி என்று நினைத்து மருந்து கொடுத்தால் அடைப்பு கூடும். வேண்டுமென்றே செய்கிறது என்று முதுகில் ஒன்று வைப்பவர்களும் உண்டு. கசிந்தது பல நேரம் பிள்ளைக்கே தெரிந்திருக்காது.

கடலூர்ப் பக்கம் இதில் இன்னொரு கோளாறு. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பழக்கிவிட வேண்டும் என்று ஏப்ரல், மே மாதங்களில்தான் பல வீடுகளில் டயப்பரைக் கழற்றுகிறார்கள். கத்திரி வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல், சோற்றைத் தள்ளிவிட்டுப் பாலாகவே கேட்கும் பிள்ளைக்கு மலம் இறுக வேறு காரணமே வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டி. பெர்ரி பிரேசல்டன், 1,170 குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்துவிட்டு 1962-லேயே எழுதினார்: பெரியவர்களின் அவசரத்துக்கு அல்ல, பிள்ளை தயாராவதைப் பார்த்துத் தொடங்குங்கள் என்று. ஜட்டியைத் தானே இறக்குவது, ஓரிரு மணி நேரம் நனையாமல் இருப்பது, வருவதைச் சொல்வது எல்லாம் அதற்கு அடையாளங்கள்.

எனவே முதலில் மலம் இளக வேண்டும், பயிற்சி பிறகு. ஏப்ரல், மே என்றால் பண்ருட்டிப் பலா வரும் பருவம்தான். பலாச்சுளை, கொய்யா, கீரை என்று நார் உள்ளே போகட்டும், கூடவே தண்ணீரும். மருத்துவர் தரும் லாக்டுலோஸ் போன்ற சிரப்புகள் குடலுக்குள் தண்ணீரைத் தக்கவைத்து மலத்தை இளக்குபவை. வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைக்கும் பழைய வைத்தியம் மட்டும் வேண்டாம். சோப்பு உள்ளே எரியும். ஏற்கெனவே பயந்திருக்கும் இடத்தில் எதைச் செருகினாலும் பயம்தான் கூடும்.

உட்காரும் விதமும் முக்கியம். ஒரு தசை தூளி மாதிரி மலக்குடலைச் சுற்றி முன்பக்கம் இழுத்து, வழியை மடக்கி வைத்திருக்கிறது. குந்தினால் அது தளர்ந்து வழி நேராகும். கால் மேல் உட்காரவைத்து ஆய் போகவைக்கும் பாட்டிகள் செய்வது இதைத்தான். வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலைத் தொங்கவிட்டால், விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் தொடை இறுகும், கூடவே அடித்தசையும் இறுகும். காலுக்குக் கீழே மணையோ சின்ன ஸ்டூலோ போடுங்கள். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும் என்பதால், காலை இட்லிக்குப் பிறகு ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். வராவிட்டால் எழுந்து போகட்டும். டயப்பரில்தான் போவேன் என்றால் அதையே கட்டி, முதலில் பாத்ரூமுக்குள் நிற்கவும், பிறகு உட்காரவும் பழக்கலாம்.

நாலு நாள் ஒழுங்காகப் போனதும் சிரப்பை நிறுத்தாதீர்கள். விரிந்த குடல் பழைய அளவுக்குத் திரும்ப மாதங்கள் ஆகலாம். பிறந்தபோதே முதல் மலம் 48 மணி நேரம் தாண்டிப் போன பிள்ளை, வயிறு உப்பி வாந்தி எடுக்கும் பிள்ளை, எடை ஏறாத பிள்ளை என்றால் இந்த வீட்டு வழிகளில் நாளைக் கடத்த வேண்டாம். குடலின் ஒரு பகுதியில் நரம்புச் செல்களே இல்லாத பிறவிக் குறையாகவும் இருக்கலாம். அதற்குப் புதுச்சேரி ஜிப்மர் போல, குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.