ஸ்னப்: பாராமுகமா, விடுபாடா?

அமெரிக்க பேஸ்பாலில் ஆண்டு விருதுகள் அறிவிக்கப்பட்ட மறுநாள், வென்றவரின் பெயருக்கு அடுத்தபடியாக அதிகம் அடிபடும் சொல் ‘ஸ்னப்’. விருது இவருக்குத்தான் என்று பலரும் நம்பியிருந்த ஆட்டக்காரருக்கு அது கிடைக்காமல் போனால், அவர் ‘ஸ்னப்’ செய்யப்பட்டார் என்பார்கள். ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வெளியாகும் நாளிலும் இதே சொல்தான் புழங்கும். தமிழில் எழுத வரும்போது நம் கை தயங்காமல் ‘புறக்கணிப்பு’ என்று எழுதிவிடுகிறது. அந்தப் பழக்கம் சரியல்ல என்பது என் எண்ணம்; அதற்கான காரணத்தைச் சொல்லின் பிறப்பிலிருந்தே தொடங்கலாம்.

‘ஸ்னப்’ பழைய நார்ஸ் மொழியின் ‘ஸ்னுப்பா’ என்ற வினையிலிருந்து வந்தது. கடிந்துகொள்ளுதல், அதட்டி அடக்குதல் என்பது அதன் பொருள். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் குடியேறிய பிறகு அது பல வேலைகளைச் செய்தது. குட்டையாக, நுனி மழுங்கிய மூக்குக்கு அதுவே அடைமொழி ஆயிற்று; ஓடும் கயிற்றைக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிச் சட்டென்று நிறுத்துவதற்கு மாலுமிகள் அதையே சொன்னார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, நீள விடாமல் நறுக்குதல் என்ற ஒரே கருத்து. வணக்கம் சொன்னவரைப் பார்த்தும் பாராதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது என்ற இன்றைய பொருளும், எதிரில் நிற்பவரின் பேச்சை நறுக்குவதிலிருந்து வந்ததே. ஆகவே இச்சொல்லுக்குள் ஒரு செய்பவரும் அவருடைய உள்நோக்கமும் ஒளிந்திருக்கின்றன.

விருது விஷயத்தில் சிக்கல் இங்கேதான் முளைக்கிறது. எம்.வி.பி. எனப்படும் ‘மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்’ விருதை 1931 முதல் அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் வழங்கி வருகிறது. இன்று மேஜர் லீக் எனப்படும் முதல்நிலைப் போட்டியின் இரு பிரிவுகளான லீக்குகள் ஒவ்வொன்றுக்கும் 30 எழுத்தாளர்கள், ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாமல், தனித்தனியே பத்துப் பெயர்களை வரிசைப்படுத்தி அனுப்புகிறார்கள். முதலிடத்துக்கு 14 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 9, பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்து பத்தாமிடத்துக்கு 1. இந்தக் கூட்டுத்தொகையில் ஒருவர் பின்தங்கினால், அதில் முகத்தைத் திருப்பியவர் யார்? ஒரு கூட்டல் கணக்குக்கு உள்நோக்கம் கற்பிக்கும் சொல்லாக ‘ஸ்னப்’ மாறிவிட்டது.

இப்போது ‘புறக்கணிப்பு’க்கு வருவோம். புறம், கணி எனப் பிரித்தால், கணக்கில் சேர்க்காமல் வெளியே வைத்தல் என்ற அழகான பொருள் கிடைக்கிறது. அகராதிகள் தரும் பொருளும் பொருட்படுத்தாமை, அலட்சியம் என்பதே. ஆனால் இன்றைய தமிழ்நாட்டுச் செய்தித் தமிழில் இச்சொல் ‘பாய்காட்’ என்பதற்கு ஏறத்தாழ முழுநேர ஊழியம் செய்கிறது: தேர்தல் புறக்கணிப்பு, நீதிமன்றப் புறக்கணிப்பு, தேநீர் விருந்துப் புறக்கணிப்பு. ‘விருது விழாவில் புறக்கணிப்பு’ என்று தலைப்பிட்டால், ஆட்டக்காரர் விழாவுக்கு வர மறுத்தாரா, விழா நடத்தியவர்கள் அவரை மறந்தார்களா என்பது செய்திக்குள் போன பிறகுதான் விளங்கும். விடுதலைப் போராட்ட காலத்தில் இந்த வேலைக்குப் ‘பகிஷ்காரம்’ இருந்தது. இலங்கைத் தமிழில் ‘பணிப்பகிஷ்கரிப்பு’ இன்றும் உயிரோடு இருக்கிறது. நாம் அதைக் கைவிட்டுப் புறக்கணிப்பின் தோளில் இரட்டைச் சுமையை ஏற்றிவிட்டோம்.

ஸ்னப்புக்கு நேர்ச் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: பாராமுகம். ‘பாராத’ என்பதன் ஈறு கெட்டு, ‘பாரா’ என நின்று முகத்தோடு சேர்ந்த சொல். இதில் கண் இருக்கிறது, ஆள் எதிரில் நிற்கிறார், முகம் வேண்டுமென்றே வேறு பக்கம் போகிறது. ‘ஏன் இந்தப் பாராமுகம்?’ என்று கேட்பவர் எதிராளிக்கு உள்நோக்கம் உண்டு என்பதில் உறுதியாக இருக்கிறார். உள்நோக்கம் இல்லாத இடத்துக்கு ‘விடுபாடு’ போதும். விடுபடுதல் என்பதற்கு விடுதலை பெறுதல் என்ற பொருளும் உண்டே என்று தயங்க வேண்டாம். ‘வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள்’ என்ற தொடரை யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. கல்யாணப் பந்தியில் பாயச வாளியோடு வருபவர் ஒருவரின் இலையை மட்டும் தாண்டிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைக் கண்டுவிட்டுத் தாண்டினால் பாராமுகம். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதில் திரும்பி, விட்ட இடம் மறந்து தாண்டினால் விடுபாடு. இலைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான், பாயசம் வரவில்லை. எழுதுபவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

பேஸ்பால் வரலாற்றிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளை இந்தச் சொற்களோடு ஒட்டிப் பார்க்கலாம். முதலாவது 1947. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ் அவ்வாண்டு மட்டையடிச் சராசரி .343, ஹோம் ரன் 32, அணிக்குச் சேர்த்துத் தந்த ஓட்டம் 114 என மூன்றிலும் லீக்கில் முதலிடம் பெற்றார். ‘டிரிபிள் கிரவுன்’ என்னும் இந்த மும்மகுடம் அரிதினும் அரிது. அவருக்கு அது இரண்டாம் முறை. எம்.வி.பி. விருதோ நியூயார்க் யாங்கீஸின் ஜோ டிமாஜியோவுக்குப் போயிற்று; அவருடைய எண்கள் .315, 20, 97. புள்ளிகள் 202க்கு 201. வாக்களித்த 24 பேரில் ஒருவர் தம் பத்துப் பெயர்களில் வில்லியம்ஸை எழுதவே இல்லை. பத்தாமிடத்தில் எழுதியிருந்தால் இருவரும் சமம். ஒன்பதாமிடத்தில் எழுதியிருந்தால் விருது வில்லியம்ஸுக்கு. தம்மோடு ஆகாத பாஸ்டன் எழுத்தாளர் ஒருவரே அதைச் செய்தார் என்று வில்லியம்ஸ் நெடுங்காலம் நம்பினார். பின்னாளில் ஆராய்ந்தபோது, அந்த எழுத்தாளருக்கு அவ்வாண்டு வாக்கே இருக்கவில்லை என்று தெரிந்தது. பாராமுகம் என்ற சொல்லைத் தவறான ஆள்மீது சுமத்தியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இந்தக் கதையில் எல்லோரும் அந்த ஒற்றை வாக்கையே பேசுகிறார்கள்; வில்லியம்ஸை முதலிடத்தில் எழுதியவர்கள் 24 பேரில் மூவர்தாம் என்பதைப் பேசுவோர் குறைவு. யாங்கீஸ் லீக் பட்டம் வென்ற அணி, ரெட் சாக்ஸ் மூன்றாமிடம். ‘மதிப்பு’ என்றால் வென்ற அணிக்கு ஆற்றிய பங்கு என்றே அக்கால எழுத்தாளர்களில் பலர் பொருள் கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது நிகழ்ச்சி 1999. அதே பாஸ்டன் அணியின் பெட்ரோ மார்டினெஸ், பிட்சர் எனப்படும் பந்தெறிபவர், 23 வெற்றி, 4 தோல்வி, 313 ஸ்ட்ரைக் அவுட், 2.07 என்ற எறிசராசரி (இது குறையக் குறையச் சிறப்பு) என அந்தக் காலத்துக்கே பொருந்தாத ஓர் ஆண்டை ஆடி முடித்தார். சிறந்த பந்தெறிபவருக்கான சை யங் விருது ஒருமனதாக அவருக்கு. எம்.வி.பி. வாக்கில் 28 பேரில் 8 பேர் அவரை முதலிடத்தில் எழுதினார்கள். டெக்சஸ் அணியின் இவான் ரோட்ரிகஸை அப்படி எழுதியவர்கள் 7 பேர். ஆனால் விருது ரோட்ரிகஸுக்கு, 252க்கு 239. இருவர் மார்டினெஸின் பெயரையே எழுதவில்லை. அவ்விருவரும் நான்காமிடத்தில் எழுதியிருந்தால்கூட 14 புள்ளி சேர்ந்து, 13 புள்ளி வித்தியாசம் தீர்ந்திருக்கும். ஐந்து நாளுக்கு ஒருமுறை ஆடும் பந்தெறிபவரை நாள்தோறும் ஆடுபவரோடு ஒப்பிட முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். அது ஒரு கொள்கை என்றால் மதிக்கலாம். ஆனால் அவ்விருவரில் நியூயார்க் நாளேட்டைச் சேர்ந்தவர், அதற்கு முந்தைய ஆண்டு தம் சீட்டில் ரிக் ஹெல்லிங், டேவிட் வெல்ஸ் என்னும் இரண்டு பந்தெறிபவர்களின் பெயரை எழுதியிருந்தார். வாக்குச்சீட்டோடு வரும் குறிப்போ பந்தெறிபவர்களுக்கும் தகுதி உண்டு என்றே சொல்கிறது. இங்கே ‘பாராமுகம்’ என்று எழுத என் கை கூசாது. வென்ற ரோட்ரிகஸ் தகுதியற்றவர் அல்லர் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இவற்றுக்கு எதிர்ப்புறத்தில், ஸ்னப் என்று கூச்சலிடப்பட்டாலும் வெறும் கருத்து வேறுபாடாக இருந்தவையும் உண்டு. 1941இல் வில்லியம்ஸ் .406 அடித்தார், டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்தார். விருது 291க்கு 254 என டிமாஜியோவுக்கு. 2012இல் மும்மகுடம் சூடிய மிகெல் கப்ரேராவா, ஓட்டத்திலும் களத்தடுப்பிலும் மிஞ்சிய மைக் டிரவுட்டா என்று புள்ளியியல் அன்பர்களும் பழைய ரசிகர்களும் மல்லுக்கட்டினார்கள். 362க்கு 281 எனக் கப்ரேரா வென்றார். இரண்டாமிடம் வந்தவரை யாரும் பார்க்காமல் விடவில்லை. ‘விருதைத் தவறவிட்டார்’ என்ற எளிய தொடரே இவற்றுக்குப் போதும்.

விடுபாட்டுக்கு உரிய உதாரணம் டெட்ராய்ட் டைகர்ஸின் லூ விட்டேக்கர். ஷார்ட்ஸ்டாப் என்னும் களத்தடுப்பு இடத்தில் ஆடிய ஆலன் டிரம்மெல்லோடு சேர்ந்து 1,918 ஆட்டங்களில் களம் நின்றவர். இருவர் பெயரையும் பிரித்துச் சொல்வது அந்த ஊர்க்காரர்களுக்கு வழக்கமில்லை. கூப்பர்ஸ்டவுனில் உள்ள, பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான புகழ் மண்டபத்தில் இடம்பெற எழுத்தாளர்களின் வாக்கில் 75 சதவீதம் வேண்டும். 5 சதவீதத்துக்குக் கீழே போனால் அடுத்த ஆண்டுச் சீட்டில் பெயரே இருக்காது. 2001இல் விட்டேக்கருக்குக் கிடைத்தவை 15 வாக்குகள், 2.9 சதவீதம். ஒரு சீட்டில் பத்துப் பேருக்கு மேல் எழுதக் கூடாது, மற்றவர்கள் எழுதுவார்கள், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என ஒவ்வொருவரும் நினைத்திருந்தாலே போதும், இது நடந்துவிடும். பகையாளி ஒருவர்கூடத் தேவையில்லை. டிரம்மெல் பின்னாளில் ஒரு குழுவின் தேர்வால் 2018இல் மண்டபத்துக்குள் சென்றார்.

குழுக்களின் கதை வேறு. பக் ஓநீல் கறுப்பினத்தவருக்கான நீக்ரோ லீக்குகளில் ஆடியவர், அந்த லீக்குகளின் நினைவைப் பேசிப் பேசியே காத்தவர். 2006இல் 12 பேர் கொண்ட தனிக்குழு அந்த லீக்குகளைச் சேர்ந்த 17 பேரைப் புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுத்தது, அவரை விட்டுவிட்டது. 94 வயதான ஓநீல் விழாவுக்கு வந்தார். அந்த 17 பேர் சார்பில் பேசினார். கூட்டத்தினரைக் கைகோக்கச் சொல்லிப் பாட வைத்தார். சில வாரங்களில், அக்டோபரில், காலமானார். 2021 டிசம்பரில் வேறொரு குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. பெயரை எடுத்து மேசையில் வைத்து, பேசி, பிறகு விட்டதை விடுபாடு என்று சொல்ல வழியில்லை.

ஆனால் ஓநீலின் தலைமுறையினர் மேஜர் லீக்கில் ஆடவே முடியாமல் போனதை ஸ்னப் என்றோ பாராமுகம் என்றோ எழுதுவது குற்றத்தைச் சிறுமைப்படுத்துவதாகும். நீக்ரோ லீக்குகளின் பெரும் மட்டையாளர் ஜாஷ் கிப்சன் 1947 ஜனவரியில் இறந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 15 அன்றுதான், அந்த நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கில் தம் முதல் ஆட்டம் ஆடினார். அந்தத் தடைக்குப் பெயர் ஒதுக்கல். 1920 முதல் 1944 வரை, கறுப்பின ஆட்டக்காரர் ஒருவரும் உள்ளே வராத அந்த ஆண்டுகளில், பேஸ்பால் ஆணையராக இருந்த கெனசா மவுண்டன் லாண்டிஸின் பெயர் எம்.வி.பி. பட்டயத்திலிருந்து நீக்கப்பட்டதே 2020இல்தான்.

2025 ஜனவரியில் ஜப்பானிய ஆட்டக்காரர் இச்சிரோ சுசுகி 394 வாக்குகளில் 393 பெற்றுப் புகழ் மண்டபத்துக்குத் தேர்வானார். ஒற்றை வாக்கு ஒருமனதைக் கெடுத்துவிட்டது என்று ஊரே கொதித்தது. அந்த ஒருவர் தம் பெயரை வெளியிடவில்லை. இச்சிரோவோ, அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து, ஒன்றாக உட்கார்ந்து குடித்தபடி பேச விரும்புவதாகச் சொன்னார். அந்த ஒருவர் வந்து காரணம் சொல்லும் வரை, செய்தி எழுதுபவர் ‘விடுபாடு’ என்றே எழுதலாம்.