ஈயச் சொம்பு வேறு, ஈய வீரன் வேறு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் சிறு உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவதுதான் என் தொழில். போன மாதம் ஓர் அம்மா தன் மகனோடு வந்தார். பையன் கையில் தாத்தா காலத்துப் பொம்மை, விரல் நீளத்தில் கவசம் அணிந்த ஐரோப்பிய வீரன். "கவசம் நிஜ எஃகு மாதிரி மின்னணும் சார். ஒரு வாரமா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கிட்டிருக்கேன்" என்றான். பொம்மையின் இடுக்குகளில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. அவன் விரல்களோ சாம்பல் நிறம்.

பொம்மையை வாங்கி பிளாஸ்டிக் பையில் போட்டுவிட்டு, முதலில் அவனைச் சோப்பு போட்டுக் கை கழுவ வைத்தேன். அம்மாவுக்கு ஆச்சரியம். "ஈயம்தானே சார்? எங்க வீட்டுல ஈயச் சொம்புலதான் ரசம் வைக்கிறோம்."

இந்தக் குழப்பத்தைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். நல்ல ரசச் சொம்பு வெள்ளீயம் (tin). பழைய பொம்மை வீரர்கள் பெரும்பாலும் காரீயம் (lead) கலந்து வார்த்தவை. இரண்டையும் நாம் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ரத்தத்தில் இவ்வளவு இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வெள்ளைப் பொடியும் காரீய உப்புதான். மூடிய மரப்பெட்டியில் வைத்தால் மரத்திலிருந்து வரும் அமில ஆவி பட்டுப் பூத்துவிடும். உப்புத்தாள் போட்டால் தூசியாகி மூச்சோடு உள்ளே போகும், விரலோடு வாய்க்கும் போகும்.

பழைய பொம்மையை வெள்ளைத் தாளில் உரசிப் பாருங்கள். சாம்பல் கோடு விழுந்தால் காரீயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொடியை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள், ஊதவோ பெருக்கவோ வேண்டாம். பெரியவர்கள் மட்டுமே, கையுறையோடு. அப்புறம் பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்து உலோகத்தை மூடிவிடலாம்.

சரி, தேய்க்காமல் எஃகு எப்படி வரும்? வாசலில் இருக்கும் எவர்சில்வர் குடத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அது முழுக்க வெள்ளி நிறமாக இல்லை. பாதிக்கு மேல் கருமை, நடுவே இரண்டு மூன்று வெளிச்சக் கோடுகள். மேல்பக்கம் வானத்தின் நீலம், கீழ்ப்பக்கம் நம்மூர்ச் செம்மண். 15-ஆம் நூற்றாண்டில் மிலான் பட்டறைகளில் அடித்துத் தேய்த்த தகட்டுக் கவசமும் வெளிச்சத்தை அப்படித்தான் வாங்கியது. அதனால் முதலில் பளபளப்பான கறுப்பு. காய்ந்ததும் வெள்ளி வண்ணத்தை மெல்லிய பூச்சாக, வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும். மூட்டுகளிலும் ஆணிகளைச் சுற்றியும் கறுப்பும் பழுப்பும் கலந்த எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து ஓடவிடுங்கள். அதன் வாடை அடிக்கும், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். கடைசியில் தகடுகளின் விளிம்பில் மட்டும் முழு வெள்ளி. சங்கிலிக் கவசம் என்றால் அடர் பழுப்பின் மேல், ஏறக்குறைய காய்ந்த தூரிகையால் வருடினால் போதும். வெள்ளியை முழுக்க அப்பினால் அலுமினியத் தகடு சுற்றியது போலத்தான் இருக்கும். தூரிகை முனையை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தையும் இன்றே விட்டுவிடுங்கள். எத்தனையோ கைதேர்ந்தவர்களிடமே பார்த்து வருந்தியிருக்கிறேன்.

அந்தப் பையனின் ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்க டாக்டரிடம் கேளுங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவனிடம் ஒரு பிளாஸ்டிக் வீரனையும் சின்னக் கறுப்பு வண்ண டப்பா ஒன்றையும் கொடுத்தேன். முதல் பூச்சை என் மேசையிலேயே உட்கார்ந்து அடித்தான்.